ஹஸ்கி வேண்டாம் என்று சொன்னேன்

இன்று ஒரகடத்தில் நாய் வாங்கப் போனோம். அப்பாவுக்கு ஹஸ்கிதான் பிடித்தது.

“கொழந்தைங்ககூட நல்லா வெளையாடும் சார்,” என்றார் கடைக்காரர்.

“பனியில வளர்ற நாய்ப்பா. நம்ம ஷீட் வூட்ல வெந்துடும். கடுப்புல பாப்பாவக் கடிச்சா?” என்றேன். என் தங்கைக்கு இரண்டு வயது. எந்த வாலைக் கண்டாலும் இழுப்பாள்.

“புக்கப் படிச்சிட்டு இன்னா பேச்சு பேசுது பாரு!” என்றார் அப்பா.

நான் விடவில்லை. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் படுத்திருக்கும் செவலை நாயின் வாலையும் அவள் இழுத்திருக்கிறாள். அது எழுந்து தள்ளிப் படுத்ததோடு சரி.

“அது தெருநாய்டி.”

“ஊசி போட்டுட்டா வூட்டு நாய்ப்பா.”

அப்பா ஒத்துக்கொண்டார். நாளை ஊசி. கம்பெனியின் மூன்று ஷிப்டு அண்ணன்களும் அந்தச் செவலைக்கு மூன்று பெயர் வைத்து பிஸ்கட் போடுகிறார்கள். ‘எங்க நாய்’ என்று சண்டைக்கு வருபவர்கள் இந்தப் போஸ்டின் கமெண்டிலேயே வரலாம். நான் தருவதாக இல்லை.