முப்பத்தொரு வயதுக் கால்கள்

எந்தப் படிவத்தை நிரப்பினாலும், பிறந்த தேதிக் கட்டம் வந்ததும் பெனடிக்ற் பேனாவைத் தாளிலிருந்து ஒரு விரல் உயரம் தூக்கிவிடுவார். கட்டைவிரல் பேனாவை இரண்டு தடவை அழுத்தும். உதடு அசையும், சத்தம் வராது. பிரெஞ்சில் எண்பத்திநான்கை ‘நாலு இருபதும் நாலும்’ என்றுதான் சொல்ல வேண்டும். அதை மனதுக்குள் முழுதாகச் சொல்லி முடித்த பிறகே 1984 என்று எழுதுவார். பல் வைத்தியரிடமும் அப்படித்தான், நூலகத்திலும் அப்படித்தான். பிறந்த வருசத்தைக்கூட யோசித்து எழுதுகிற மனுசன் என்று மனைவி எமிலி கேலி செய்வாள்.

யோசித்துத்தான் எழுதினார். அவர் பிறந்தது 1982.

மன்னாரிலிருந்து சித்தப்பா அவரைப் பாரிசுக்குக் கூட்டிப்போனபோது அவருக்குப் பதினான்கு வயது. பயண முகவர் பன்னிரண்டு என்று போட்டுவிட்டான். சின்னப்பிள்ளை என்றால் கேள்வி குறைவாம். விமானத்தில் சித்தப்பா காதுக்குள் சொன்னார்: “கேட்டா எண்பத்திநாலு. செத்தாலும் எண்பத்திரண்டு எண்டு வாயில வரக்கூடாது.”

போன இடத்தில் பந்து உதைக்கத் தெரிந்திருந்ததுதான் வினை. பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு நடுவே பதினான்கு வயதுக் கால் ஓடினால் யார் கண்ணில்தான் படாது? வடபிரான்சின் சிறு கழகம் ஒன்று அவரைத் தன் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துக்கொண்டது. பதினேழு வயதுக்குட்பட்ட தேசிய அணியின் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அங்கே கை எலும்பைப் படம் பிடித்து வயது பார்ப்பார்கள் என்று யாரோ சொல்ல, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று கிழமை நொண்டினார். அழைப்பு மறுபடி வரவில்லை.

பிறகு பதினொரு ஆண்டுகள் தொழில்முறை முன்கள ஆட்டக்காரர். பெரும்பாலும் இரண்டாம் பிரிவு, ஒரேயொரு பருவம் முதல் பிரிவு, எழுபத்துநான்கு கோல். கோல் போட்டதும் இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடிக்கொள்வார். ஜெபிக்கிறார் என்று நினைத்த ரசிகர்களும் கூடவே முகத்தை மூடினார்கள். அவர் பயந்தது கமராக்களுக்கு. படம் பத்திரிகையில் வரும், பாரிசுக் கடை ஒன்றில் யாரோ அந்தப் பத்திரிகையில் வடை சுற்றிக் கொடுப்பார்கள், மன்னார்க்காரன் எவனாவது பிரித்துப் பார்ப்பான்.

வேகம் குறைந்த காலத்தில் உள்ளூர்ப் பத்திரிகை ‘இருபத்தொன்பது வயதில் முப்பத்தொரு வயதுக் கால்கள்’ என்று நையாண்டி செய்தது. எழுதியவன் சும்மாதான் எழுதினான். பெனடிக்ற் ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பருவத்தோடு ஓய்வு பெற்றார்.

அதன் பிறகு எமிலி, ஒக்லாந்து நகரம், அதன் புறநகர்களான ரானுயியில் வீடு, விரியில் பண்டகசாலை வேலை. ஒன்பது வருடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த வருடம் அவருடைய குடியுரிமை விண்ணப்பத்தை எமிலி கணினியில் நிரப்பிவிட்டு, எல்லாம் உண்மை என்ற உறுதிமொழியை மட்டும் அவருக்கு விட்டுவைத்தாள். மூன்று கிழமை அது அப்படியே கிடந்தது. அழுத்தினால் பொய் இன்னொரு நாட்டிலும் ஏறும். பிடிபட்டால் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு போகும், அதன் பின்னால் விசா போகும், பிறகு எமிலியும் மகள் றோஷினியும் எங்கே, தான் எங்கே? அதற்கு மேல் அவரால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் ஜெறோம் வந்தான். வேலைக்காகப் புதிதாய்க் குடிவந்த மன்னார்க்காரன். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் தோளில் கை வைத்தான்.

“டேய் பெனடிக்ற், மடு அகதி முகாமில எனக்குப் பக்கத்து வாங்கில இருந்தவன் நீதானே? தொண்ணூற்றிரண்டில ரெண்டுபேரும் ஒண்டாத்தானே ஸ்கொலர்ஷிப் எழுதினனாங்கள்.”

இலங்கையில் ஐந்தாம் வகுப்பில், பத்து வயதில், எல்லாப் பிள்ளைகளும் எழுதும் சோதனை அது. எழுதிய வருடத்தைச் சொன்னால் வயதைச் சொன்ன மாதிரி. எமிலி தொண்ணூற்றிநான்கில் எழுதியவள். கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள்.

“எட்டு வயசிலயே எழுதினவரோ? பெரிய கெட்டிக்காரன்தான்” என்று சிரித்தாள்.

“பந்தடியில கெட்டிக்காரன். கணக்கு என்ரயப் பாத்துத்தான் எழுதினவன்” என்றான் ஜெறோம்.

தேநீரின் மேல் ஆடை படிவதையே பெனடிக்ற் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில், டெய்ரி என்கிற மூலைக்கடையில் நிறுத்தி ஐஸ்கிரீம் வாங்கலாமா என்று றோஷினி பின் இருக்கையிலிருந்து ஆங்கிலத்தில் கேட்டாள். வண்டி கடையைத் தாண்டிப் போய்விட்டது. அவள் மறுபடி காதுகளில் பாட்டை மாட்டிக்கொண்டாள். மோட்டர்வேயை விட்டு இறங்கும்போது எமிலி கேட்டாள்: “அப்ப உங்களுக்கு எத்தினை வயசு?”

“நாப்பத்திமூண்டு.”

“ஆருக்குத் தெரியும்?”

“சித்தப்பாவுக்கு. அவர் இப்ப இல்லை.”

“என்னட்டையும் சொல்லேல்லை.”

அவள் குரல் உயரவில்லை. இருபத்தொன்பது வருடம் அதிகாரிகளுக்கும் வைத்தியர்களுக்கும் கமராக்களுக்கும் பயந்தவர், இந்தக் குரலுக்குப் பயப்பட வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் எமிலி அந்த விண்ணப்பத்தை அழித்தாள். பொய்யென்று தெரிந்துகொண்டு இதில் கைவைக்க மாட்டேன், போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றாள்.

அடுத்த கிழமை அவர் ஹெண்டர்சனில் ஒரு வழக்கறிஞருக்கு முன்னால் உட்கார்ந்து எண்பத்திரண்டு என்று சொன்னார். வழக்கறிஞர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பிள்ளையாக இருந்தபோது பெரியவர்கள் செய்ததை மன்னிக்கலாம், வளர்ந்த பிறகும் தொடர்ந்ததை மன்னிப்பார்களா தெரியாது என்றார். முதலில் பிறப்புக்கு ஆதாரம் வேண்டும். ஞானஸ்நானப் பதிவின் பிரதி கேட்டு மன்னார்ப் பங்குக் கோயிலுக்கு எழுதிப்போட்டார்கள்.

விவகாரம் இன்னும் முடிவாகவில்லை. வாசல் தபால்பெட்டியின் மூடி அடிபடும் சத்தம் கேட்டால் பெனடிக்ற் கையிலிருப்பதை வைத்துவிட்டு நிற்கிறார். எமிலிதான் போய் எடுத்து வருகிறாள்.

பங்குத்தந்தையின் பதில் மின்னஞ்சலில் வந்தது. பிரதியோடு ஒரு குறிப்பும் இருந்தது. இது இரண்டாம் பிரதி. முதலாவது 2016 பெப்ரவரியில், திருமணத் தேவைக்காக, மணப்பெண்ணின் தகப்பன் இராசரத்தினத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கலியாணம் பேசிய நாளில், பதிவேடு சண்டையில் எரிந்துபோய்விட்டது என்று பெனடிக்ற் அவரிடம் சொல்லியிருந்தார். இராசரத்தினம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மே மாதம் மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தார். ஐந்து வருடம் கழித்துச் சாகும்வரை அவர் அந்தப் பிரதியைப் பற்றி எமிலியிடம்கூடச் சொல்லவில்லை.