காணாமல் போனவரும் தலைமறைவானவரும்

கொரோனா ஓய்ந்த பிறகு வந்த கோடையில் நடந்தது இது. அப்போது ஆந்திர எல்லையில் இருக்கும் புத்தூரில் குடியிருந்தோம். வீட்டில் நானும் நைனாவும் மட்டும்தான்; அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். எனக்குச் சத்தியவேடு பக்கம் செல்போன் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை. நைனாவுக்கு ஞாபக மறதி முற்றிக்கொண்டே வந்ததால், பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். அன்று அக்கா துணி காயப்போட மாடிக்குப் போன நேரத்தில் நைனா கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

இருட்டும் வரை தெருத்தெருவாகத் தேடினோம். ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். எங்கள் ஊரில் வாட்ஸப்பில் நியூஸ் குரூப் நடத்தும் நிருபர் ஒருவர், விஷயம் கேள்விப்பட்டு அவராகவே வீட்டுக்கு வந்து நைனாவின் போட்டோவை வாங்கிக்கொண்டார்.

"இங்கிலீஷ்லயே போட்டுடறேங்க்கா. நம்ம பக்கம் பாதி பேரு தமிழு, பாதி பேரு தெலுங்கு. இதுன்னா எல்லாருக்கும் புரியும்" என்றார்.

நைனாவின் படம், சட்டையின் நிறம், கீழே இரண்டே வரி. வீட்டிலிருந்து 'அப்ஸ்காண்டிங்', பார்த்தவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லவும். அவ்வளவுதான். தெரிந்தவர்கள் எல்லாரும் அதை அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம் போலீஸிலிருந்து போன் வந்தது. எப்படியோ ரயிலேறிப் போய், பாகாலா ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே, தண்டவாளத்தை ஒட்டிய முள்செடிகளின் ஓரத்தில் மயங்கிக் கிடந்தவரைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். ஓடினேன். வெயிலில் உதடெல்லாம் வெடித்திருந்தது. கண் திறந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"நான் ஒண்ணும் எட்கலம்மா" என்றார்.

தண்ணீர் கொடுத்தாலும் அதுதான், கையைப் பிடித்தாலும் அதுதான். "நைனா, நான்தான்" என்று எத்தனை முறை சொல்லியும் என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார். இதற்கு மேல் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடியும்போது போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகும் நைனா சொன்ன அந்த வார்த்தை என்னை விடவில்லை. ஒரு நாள் பாகாலா போய், போட்டோவைக் காட்டி ஒவ்வொரு கடையாக விசாரித்தேன். ஸ்டேஷன் எதிரே டிபன் கடை வைத்திருந்த அம்மா, போட்டோவைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். தமிழ்க்காரர்தான்.

"பசியா இருந்தாரும்மா. நானே கூப்பிட்டு உக்காரவச்சி இட்லி குட்த்தேன். துன்னுக்கினு இருக்கசொல்லோதான் மருமவ போனைக் காட்னா. போலீசு தேட்ற ஆளுன்னா. எங்கனா திருடிக்கினு வந்திருப்பாரோன்னு பயந்துட்டேன். இன்னா எடுத்துக்கினு ஓடியாந்த, எய்ந்து போன்னுட்டேன். பாதித் தட்டுல எய்ந்து போனாரும்மா."

மருமகள் உள்ளேயிருந்து வந்தாள். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவள், இங்கிலீஷ் வார்த்தைகளை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். "கேசுல மாட்டித் தலைமறைவா இருக்கறவங்களைத்தான்க்கா அப்ஸ்காண்டிங்னு சொல்லுவாங்க. சும்மா காணாம போனவங்கன்னா மிஸ்ஸிங்னு போட்டிருப்பாங்களே. போன் பண்ணா எங்களையும் ஸ்டேஷனுக்கு இழுப்பாங்கன்னு..." என்று சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் சொன்ன அர்த்தத்தில் ஒரு தவறும் இல்லை.

நிருபரிடம் சண்டை போடத்தான் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துப்போனது.

"ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சிக்கினு இருந்தேங்க்கா. போலீஸ்காரங்க சொல்றது, பேப்பர்ல எழுதறது, எல்லாமே அப்படித்தானே வருது" என்றார். யாரும் கேட்காமலே உதவ வந்த மனிதரை என்ன திட்டுவது? வாசல் வரை வந்து நின்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அவர் திருத்திக்கொண்டார். ஆனால் அந்தச் சொல் இன்றும் அப்படியே வந்துகொண்டுதான் இருக்கிறது. வீட்டில் கோபித்துக்கொண்டு போன பள்ளிக்கூடப் பிள்ளையின் படத்துக்குக் கீழேகூடப் பார்த்தேன். கண்ணில் பட்டால் உடனே போன் செய்து மாற்றச் சொல்கிறேன். சிலர் மாற்றுகிறார்கள். சிலர், "அதான் அர்த்தம் புரியுதே, விடும்மா" என்று வைத்துவிடுகிறார்கள். அர்த்தம் புரிந்ததால்தான் என் நைனாவைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பி அனுப்பினார்கள் என்பதை இவர்களுக்கெல்லாம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.