மழையென்று அழித்த பொட்டு

எங்கள் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்த சபாருதீனைப் பற்றி மக்காஸார் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும், வாய் ஓயாமல் கேலி பேசுகிறவன் என்பார்கள். பங்கெப் கரைக்காரன். அவன் அப்பா பாகாங் வைத்து, அதாவது கடலில் நங்கூரமிட்ட மூங்கில் மேடையில் இருந்தபடி, நெத்திலி பிடித்தவர். நெத்திலி போகும் இடத்துக்கு மேடையும் போகும். இது அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று மாலை நான் சுக்கான் பிடித்திருந்தேன். ரேடார் திரைக்கு முன்னால் சபாருதீன் நின்றான். மின்வரைபடத்தின் மேலேயே ரேடார் படத்தையும் சேர்த்துப் போட்டிருந்தோம். மழை வந்ததும் திரை முழுக்க மஞ்சள் அப்பிக்கொண்டது. கேப்டனுக்குத் திரை பளிச்சென்று இருக்க வேண்டும்.

"என்னய்யா, மஞ்சச் சோறு கிண்டி வச்சிருக்க? தொடைய்யா!" என்றார்.

மஞ்சளுக்குள் ஒரு பொட்டு மட்டும் நகராமல் ஒரே இடத்தில் நின்றது.

"தம்பி, அது என்ன?" என்று கேட்டேன்.

"வரைபடத்துல அங்க வெறும் தண்ணிதான், டாயெங். மழையா இருக்கும்." எங்களுக்கு டாயெங் என்றால் அண்ணன். மழையை வடிகட்டும் குமிழைத் திருகினான். மழை மறைந்தது. பொட்டும் மறைந்தது. நான் சுக்கானைத் திருப்பவில்லை. சிறிது நேரத்தில் மூங்கில் முறியும் சத்தம் கேட்டது.

மேடைக்காரர் டாயெங் சிக்கியைத் தண்ணீரிலிருந்து தூக்கினோம். அவருடைய மகன் ரன்னு கிடைக்கவில்லை. மேடையை நகர்த்தியவர் துறைமுகத்தில் சொல்லவில்லை, தவறு அவருடையது என்று விசாரணையை முடித்தார்கள். பொட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அதோடு சபாருதீனின் கேலி நின்றது. "பாகாங்காரன் மகன் நான். மேடை நகரும்னு எனக்குத் தெரியாம இருக்குமா, டாயெங்?" என்று நச்சரிப்பான். நான் எரிந்து விழுவேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, என் நெஞ்சும் குறுகுறுத்தது.

நோன்புப் பெருநாளன்று வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். அவன் என்னையும் இழுத்துக்கொண்டு சிக்கியின் வீட்டுக்குப் போனான். அவன் வாயைத் திறப்பதற்குள் சிக்கி அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுப்பா. சொல்லாம கொள்ளாம மேடைய நகத்தி உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்தேன். எம் புள்ளைய நானே கொன்னுட்டேன்."

"இல்ல, டாயெங். உங்க மேடை திரையில தெரிஞ்சுச்சு. மழைன்னு நான்தான் அழிச்சேன்."

சிக்கி என் பக்கம் திரும்பினார். "சுக்கான்ல நீதான நின்ன? இவன் சொல்றது நெசமா?"

எனக்கு மூன்று பெண்கள். ஓய்வுக்கு இரண்டே வருடம். சாக்குக்கா பஞ்சம்?

"மழைதான் தெரிஞ்சுச்சு, டாயெங்" என்றேன்.

சிக்கி சபாருதீனின் தோளைத் தட்டினார். "எம் மனசு ஆறட்டும்னு பழிய நீ ஏத்துக்கிற. நல்ல புள்ளடா நீ. உள்ள வா, சாப்பிடு" என்று சொல்லி அழுதார்.