அண்ணன் முற்றத்தில் நட்ட பலகை

இந்த மாகாணத்துக்கென்றே அந்தக் கட்சி முளைத்தபோது நாங்கள் சிரித்தோம். கோப்பிக் கடையில் நாலு பேர் கூடி, வந்தேறிகளால்தான் வாடகை ஏறியது, ஆஸ்பத்திரியில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது என்று புலம்பினார்கள். இதெல்லாம் ஒரு கட்சியா என்று விட்டுவிட்டோம். அடுத்த தேர்தலுக்குள் அவர்களுடைய வேட்பாளர் எங்கள் பொங்கல் விழாவில் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

அழைத்தது என் அண்ணன். நாங்கள் குடியேறியிருக்கும் மில்லிக்கனில் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர் அவர்தான். கோட்டும் டையுமாக யார் வந்தாலும் பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பது எங்களைப் பிடித்த வியாதி. ஆளின் கொள்கை என்னவென்று கேட்கிற வழக்கமே இல்லை. அந்த மனிதர் "வணக்கம்" என்றதும் மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். பிறகு ஆங்கிலத்தில், முறைப்படி விண்ணப்பித்து வரிசையில் நிற்காமல் வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்ப வைப்போம் என்றார். அதற்கும் தட்டினார்கள். முதலில் தட்டியது அண்ணன். வேறொருவருடைய பாஸ்போர்ட்டில் ஏறி, அதை விமானக் கழிவறையில் கிழித்துப் போட்டுவிட்டு வந்திறங்கிய அதே அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் பக்கத்தில் இருந்த பெண்ணும் தட்டினாள். அண்ணன் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவள். அவளுடைய அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. ஆங்கிலம் அவ்வளவாக விளங்காது. காரில் திரும்பும்போது, அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன். தட்டிய கைகளை அவள் ஜாக்கெட் பைக்குள் செருகிக்கொண்டாள்.

அண்ணனோடு அன்றே சண்டை பிடித்தேன். அவர் அசையவில்லை.

"நாங்கள் வந்தது வேறை. இப்ப வாற ஆக்களாலைதான் எங்களுக்கும் கெட்ட பேர்."

அடுத்த வாரம் அந்தக் கட்சியின் தேர்தல் விளம்பரப் பலகை அவர் முற்றத்தில் நின்றது, பேஸ்மென்டின் பக்கவாசலுக்குப் போகிற வழியில். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்த ஆள் வென்றார். எங்கள் சனமும் வாக்கை அள்ளிப் போட்டிருந்தது. மறுநாள் காலை நான் அண்ணன் வீட்டுக்குப் போனபோது பனி கொட்டி ஓய்ந்திருந்தது. காற்று பலகையைச் சாய்த்திருந்தது. ஒழிந்தது சனியன் என்று நினைத்தபடி காரை நிறுத்தினேன். பனி அள்ளிக்கொண்டிருந்த அவள் சவல் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, பலகையைத் தூக்கி, ஒட்டியிருந்த பனியைக் கையால் துடைத்து, மறுபடி நட்டாள். காலால் மிதித்து இறுக்கினாள்.

உனக்கென்ன விசரா என்று கத்திவிட்டேன்.

அவள் மேல் ஜன்னலை ஒருதரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தான் விழுத்தினனான் எண்டு அண்ணை நினைச்சால், வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போடுவார் அக்கா. பிறகு நான் எங்கை போறது?"