இரண்டாம் வரிசை ஜன்னல்

தனியாக இருக்கும் பெண்ணுக்கு எங்கள் ஊர்த் தமிழ்க் கூட்டத்தில் ஒரு நிரந்தர வேலை உண்டு. இடைவெளியை நிரப்புவது. எங்கள் ஊர் என்றால் நியூஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன். வேன் எடுத்துக்கொண்டு நயாகரா போனால், கடைசி வரிசையில் பிள்ளைகளுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவில் என் இடம். மலைப்பக்கம் வீடு வாடகைக்கு எடுத்தால், ஜோடிகளுக்கெல்லாம் அறை பிரித்துக் கொடுத்தபிறகு ஹாலில் மிஞ்சும் சோபா எனக்கு. ரெஸ்டாரண்டில் மேசைகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், இரண்டு மேசை சேருகிற, தட்டு ஒரு பக்கம் சாய்கிற இடம் எனக்கு. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, அதுதான் எரிச்சல். நீங்க தனியாதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குவீங்க என்று சிரித்த முகத்தோடு சொல்வார்கள். விவாகரத்து ஆன நாளிலிருந்து ஏழு வருடம் நானும் சிரித்த முகத்தோடு அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டேன். அதற்கு முன்னால் பதினாறு வருடம் கல்யாணத்துக்குள் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். பழகிப்போன உடம்பு, சும்மா விடுமா?

போன குளிர்கால விடுமுறைக்குப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து மெக்சிகோவில் கான்கூன் கடற்கரைக்குப் போவதென்று முடிவானது. ஏற்பாடு முழுக்க அண்ணா. என் சொந்த அண்ணன் இல்லை. ஈரோட்டுக்காரர், இங்கே எல்லோருக்கும் அண்ணா. பொங்கல் விழாவுக்கு ஹால் பிடிப்பதிலிருந்து, யார் வீட்டுக்காவது ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்புவது வரை அவர்தான் பார்ப்பார். நல்ல மனிதர். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். அவர் மனைவியை நாங்கள் அண்ணி என்போம். கூட்டத்தில் அவர் குரல் கேட்பது அபூர்வம், அண்ணாவே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

நாங்கள் போவது சார்ட்டர் விமானம். ஏதோ ஒரு விடுமுறைக் கம்பெனி விமானத்தையே மொத்தமாக வாடகைக்கு எடுத்து, ஹோட்டலோடு சேர்த்து விற்கிறது. மலிவுதான், ஆனால் புளிமூட்டை மாதிரி ஆட்களை அடைத்துவிடுவார்கள். முன்சீட்டின் முதுகு முழங்காலில் இடிக்கும். தப்பிக்க வேண்டுமானால் முன்னால் இருக்கும் மூன்று வரிசைகள்தான். பக்கத்துக்கு இரண்டே சீட், நன்றாக அகலம், காலை நீட்டலாம், முதலில் ஏறலாம், சூடாகச் சாப்பாடு. கூடுதலாகக் கட்டி அங்கே அப்கிரேடு பண்ணிக்கொள்ளலாம். சீட் தேர்வு திறந்த அன்று மத்தியானம், ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டபடி போனில் விமான சீட்டுகளின் படத்தைப் பார்த்தேன். நீலக் கட்டம் என்றால் காலி. 2ஏ நீலமாக இருந்தது. ஜன்னல் சீட்.

இத்தனை வருடம் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பறந்தவள் ஜன்னலோரம் உட்கார்ந்ததே இல்லை என்றால் யார் நம்புவார்கள்? கல்யாணமான புதிதில் ஜன்னல் கணவருக்கு. மகளுக்கு விவரம் தெரிந்தபிறகு ஜன்னல் அவளுக்கு, ஓரம் கணவருக்கு. நடு சீட் மட்டும் ஆள் மாறவே இல்லை. அமெரிக்காவை முதன்முதலில் மேலிருந்து பார்த்தது அவர். நான் பார்த்தது அவர் பின்மண்டையை. இப்போது மகளும் டெக்சஸில் காலேஜில் இருக்கிறாள். இன்னும் யாருக்காக நான் நடுவில் உட்கார வேண்டும்? ஸ்பூனை டப்பாவில் போட்டுவிட்டு 2ஏ கட்டத்தைத் தட்டினேன். கட்டம் நிறம் மாறி என் பெயரின் முதலெழுத்து வந்து உட்கார்ந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பக்கத்து 2பி-யை அன்று சாயங்காலமே அண்ணா தனக்கு எடுத்துக்கொண்டார். முன்வரிசை சீட்டுகள் அதோடு தீர்ந்தன.

ஒரு வாரம் கழித்து எங்கள் பயணக் குரூப்பில் அண்ணாவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. போகிற வாரத்தில்தான் அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள் வருகிறதாம். அதனால் ஒரு சின்ன அட்ஜஸ்ட்மெண்டாம். அவரும் அண்ணியும் சேர்ந்து உட்காருவதற்காகத் தங்கச்சி தன் சீட்டை விட்டுக்கொடுத்திருக்கிறாளாம். தேங்க்ஸ் ஃபார் அண்டர்ஸ்டாண்டிங் என்று முடித்து, கும்பிடும் கை ஒன்றும் போட்டிருந்தார். கீழே ஆளாளுக்குக் கேக், பலூன், இதயம். தங்கமான மனசு என்று என்னை இரண்டு பேர் புகழ்ந்திருந்தார்கள்.

அந்தத் தங்கச்சி நான்தான். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நன்றி மட்டும் வந்துவிட்டது. மொத்த புக்கிங்கும் அண்ணா பெயரில் இருந்ததால் சீட்டை மாற்ற அவரால் முடியும். திறந்து பார்த்தேன். என்னை 24இ-யில் போட்டிருந்தார். பின்னால், நடுவில்.

ரத்தம் கொதித்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ, அது வேறு விஷயம். கேட்காமலே நான் கொடுத்துவிட்டதாக ஊரே கைதட்டுகிறதே! சோபாவில் படுத்தபோது, ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நயாகரா போனபோது, அப்போதெல்லாம் வராத கோபம் மொத்தமாக வந்தது. இதையும் விழுங்கினால் இனி ஜென்மத்துக்கும் எனக்கென்று ஒரு இடம் இருக்காது என்று பட்டது. எல்லோரும் பார்க்கும்படி குரூப்பிலேயே எழுதினேன்.

"அண்ணா, வாழ்த்துகள். ஆனா நான் இன்னும் அண்டர்ஸ்டாண்ட் பண்ணல. என் சீட்டை திரும்ப 2ஏ-லயே போட்டுடுங்க."

குரூப்பில் தினமும் ஜோக் அனுப்புகிறவர்கள்கூட அன்று அனுப்பவில்லை.

மறுநாள் ஐசலின் கடைத்தெருவில் என்னோடு புடவைக் கடை ஏறி இறங்கும் தோழி போன் செய்தாள். எதுக்கு இவ்வளவு ஸ்ட்ரெய்ட்டா எழுதினே என்று பதறினாள். பேசாமல் முட்டி வலி என்று சொல்லிவிடு, டாக்டர் காலை நீட்டச் சொல்லியிருக்கிறார் என்று போடு, எல்லோரும் ஐயோ பாவம் என்று விட்டுவிடுவார்கள் என்று வழியும் காட்டினாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. நம்மூர்ப் பெண்ணுக்கு ஒரு நல்ல நாற்காலி கிடைக்க வேண்டுமானால் அவளுக்கு ஏதாவது ஒரு வியாதி இருந்தாக வேண்டும். நோய் இருந்தால் உட்காரலாம், கர்ப்பமாக இருந்தால் உட்காரலாம். நன்றாக இருக்கிறவள் எதற்காக உட்கார வேண்டும்?

அன்று சாயங்காலம் அண்ணாவே கூப்பிட்டார். நான் கூடுதலாகக் கட்டிய தொகையைத் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். ஒரு அண்ணனுக்கு இந்த உரிமைகூட இல்லையா என்றார். நான் அசையவில்லை என்றதும் குரலைத் தாழ்த்தி, எனக்கு ஹெல்த் இஷ்யூ ஏதாவது இருந்தால் சொல்லலாம், அவரே மற்றவர்களுக்கு எக்ஸ்பிளெயின் பண்ணிவிடுவார் என்றார். முட்டி வலி நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"உடம்பு நல்லாத்தான் இருக்குண்ணா," என்றேன். "எனக்கு அந்த சீட்ல உட்காரணும்னு ஆசை. அவ்ளோதான்."

ஆசையா என்றார் அவர். காதில் விழக்கூடாத எதையோ கேட்டுவிட்டவர் மாதிரி இருந்தது குரல். பிறகு சரி என்று வைத்துவிட்டார். அன்று இரவு என் சீட் 2ஏ-க்குத் திரும்பியிருந்தது.

நியூஆர்க் ஏர்போர்ட்டில், கேட் பக்கத்தில் எங்கள் கூட்டம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நான் போனதும் பேச்சு நின்றது. அங்கேதான் விஷயம் தெரிந்தது. நான் இடம் கொடுக்காததால் அண்ணா 2பி-யை வைத்துக்கொண்டு அண்ணியை 24இ-க்கு அனுப்பியிருக்கிறார். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு ஜோடியாகக் கிளம்பி, ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். பழி யார்மேல்? என்மேல்தான். வெள்ளிவிழா ஜோடியைப் பிரிச்சிட்டீங்களே மேடம் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். தன் கல்யாணத்தைக் காப்பாற்றத் தெரியாதவள் அடுத்தவர் கல்யாணத்தையும் பிரிக்கிறாள் என்பதுதான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். எனக்குப் புரியாதா? கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர்களுக்கு முன்னால் அழக்கூடாது என்ற வீம்பில் அடக்கினேன். நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணியிருந்தா இந்த வம்பே இல்லையேம்மா என்று அண்ணா ஆரம்பித்தார்.

"அண்ணா, நான் தனியா வந்திருக்கேன். அதுக்காக என் சீட்டு காலின்னு அர்த்தம் இல்ல," என்றேன். "அண்ணி பக்கத்துலதான் உட்காரணும்னா நீங்க பின்னால போங்களேன். அங்க இடம் விட்டுக் குடுக்க எத்தனை பேர் இருக்காங்க பாருங்க."

சுற்றி இருந்தவர்கள் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அண்ணா இடுப்பில் கை வைத்து, தனக்கு முதுகு வலி என்றார். பார்த்தீர்களா, வியாதி எவ்வளவு சமயத்துக்கு வருகிறது! அண்ணி கைப்பையின் ஜிப்பைத் திறந்து, மூடி, மறுபடி திறந்துகொண்டிருந்தார். அவருக்கும் என்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். அது ஒன்றுதான் எனக்கு உள்ளே குத்தியது.

முன்வரிசைக்காரர்களை முதலில் கூப்பிட்டார்கள். நான் ஜன்னலோரம், என் பக்கத்தில் அண்ணா. அவர் நடுவில் இருந்த கைப்பிடி முழுவதையும் எடுத்துக்கொண்டார். பிறகு மற்றவர்கள் ஏறினார்கள். எங்கள் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எங்களைத் தாண்டும்போது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். நான் வெளியே பெட்டிகளை ஏற்றும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி சின்ன உருட்டுப் பெட்டியோடு வந்தார். இரண்டாம் வரிசையில் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, கொஞ்சம் எந்திரிங்க," என்றார்.

பெட்டியை மேலே வைக்கக் கூப்பிடுகிறார் என்று அண்ணா எழுந்தார். வழியில் இறங்கி நின்று பெட்டியைத் தூக்கி வைத்தார். திரும்பிப் பார்த்தால் 2பி-யில் அண்ணி உட்கார்ந்து பெல்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். என்ன விளையாட்டு இது என்றார் அண்ணா.

"விளையாட்டு இல்லீங்க. இருபத்தஞ்சு வருசம் பக்கத்துல பக்கத்துலதான உக்காந்திருந்தோம். இன்னைக்கு நான் முன்னால உக்காந்துக்கறேன், நீங்க பின்னால போங்க."

முதுகு என்று அண்ணா ஏதோ இழுத்தார். அண்ணி தன் கழுத்துத் தலையணையைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, இதை முதுகுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணாவுக்குப் பின்னால் பெட்டியும் குழந்தையுமாக வரிசை நீண்டு நின்றது. ஒரு வெள்ளைக்காரர் எக்ஸ்கியூஸ் மீ என்றார். பொங்கல் விழாவில் மைக்கை விடாத மனிதர், தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இருபத்து நான்காம் வரிசையைப் பார்த்து நடந்தார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணி காலை நீட்டிப் பார்த்தார், மடக்கினார், மறுபடியும் நீட்டினார். கதவை மூடினார்கள். விமானம் மெல்ல நகர ஆரம்பித்தபோது என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, ஜன்னல் பக்கம் நான் உக்காரட்டுமா?"

தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாளில் இந்த சீட்டை என்னிடம் எல்லோரும் எடுத்தார்கள், பேரம் பேசினார்கள், கோபித்தார்கள். கேட்டது இவர் ஒருவர்தான். எனக்காக இவ்வளவு செய்தவர் கேட்கிறார், கொடுத்துவிடேன் என்று மனசு அடித்துக்கொண்டது. கை பெல்ட் வரைக்கும் போய்விட்டது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். அவர் எனக்காகச் செய்யவில்லை. தனக்காகச் செய்தார்.

"இல்ல அண்ணி. இது எனக்கு வேணும்."

அவர் முகம் வாடும் என்று பார்த்தேன். வாடவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு இதுவரை நான் கேட்டிராத ஒரு சத்தமான சிரிப்புச் சிரித்தார்.

"செரி," என்றார். "வரும்போது எனக்கு ஒண்ணு எடுக்கோணும். எப்படித் தட்டறதுன்னு போன்ல காட்டு. முன்னால இல்லாட்டிப் போகுது, ஜன்னலா இருக்கோணும்."