வெளியாள் விலை

எங்கள் பாலைவன ஊரான யூமாவில் வீட்டுச் சுவருக்குச் சிமெண்ட் பூசுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பூசுவார்கள், பணத்தை வாங்குவார்கள், அடுத்த வேலைக்கு ஓடிவிடுவார்கள். ராமிரோ தராங்கோ ஒருவர்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, கோயிலுக்குப் போட்ட நல்ல சட்டையைக்கூட மாற்றாமல், தான் பூசிய வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பார். எங்கள் ஊர் வெயிலில் ஈரம் காட்டாமல் விட்டால் பூச்சு வெடித்துவிடும். ஒரு தடவை வீட்டுக்காரி திருடன் என்று நினைத்து நாயை அவிழ்த்து விட்டிருக்கிறாள். "நான்தாம்மா, சுவத்துக்குத் தாகமா இருக்குமேன்னு வந்தேன்" என்று நாயையும் நனைத்துவிட்டு வந்தாராம்.

என் பெயர் ஓஃபெலியா. புருஷன் போன பிறகு கட்டட சாமான் கடையை நான்தான் நடத்துகிறேன். எங்கள் கடையில் இரண்டு விலை. லைசென்ஸ் எண் சொல்கிறவருக்குக் குறைந்த மேஸ்திரி விலை, மற்றவருக்குக் கூடுதலான வெளியாள் விலை. ராமிரோவின் எண் கடையில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு முறையும், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கிற பையன் மாதிரி, நிமிர்ந்து நின்று முழு எண்ணையும் சொல்வார். அந்த எண்ணுக்காக இங்கிலீஷில் எழுதிய பரீட்சை. இரண்டு தரம் தோற்று மூன்றாம் தரம் தேறியது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவோம்.

அவர் என் மகளுக்கு ஞானத் தகப்பன். ஆகவே அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே. அந்த உறவில் வா, போ கிடையாது. எவ்வளவு வயிறு எரிந்தாலும் "நீங்க"தான்.

முட்டி இரண்டும் தேய்ந்து சாரத்தில் ஏற முடியாமல் போனபோது, தொழிலை மாப்பிள்ளை நெஸ்டரிடம் விட்டார். நெஸ்டர் பரீட்சை எழுதவில்லை, எழுதுகிற ஆளும் இல்லை. எங்கள் மாநிலத்தில் கம்பெனியில் பரீட்சை தேறிய ஒருவர் இருந்தால் போதும், அவர் பெயரில் லைசென்ஸ் ஓடும். நல்லதோ கெட்டதோ அவர் தலையில்தான் விடியும். வேலையை நெஸ்டர் பார்த்தான், பெயர் ராமிரோவுடையதாகவே இருந்தது.

குளிருக்குப் பயந்து வடக்கேயிருந்து வந்து தங்குகிற ஒரு பணக்காரத் தம்பதிக்கு ஊர் எல்லையில் பெரிய வீடு. அதற்கு வெளிப்பூச்சு வேலை நெஸ்டருக்குக் கிடைத்தது. சிமெண்ட், மணல், கம்பிவலை எல்லாம் என் கடையிலிருந்து கடனுக்குப் போனது. வேறு யாராயிருந்தாலும் சரக்கு இறங்கிய உடனே வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பியிருப்பேன். கடைக்குப் பணம் வராவிட்டால் வீட்டின் மேல் பிடிப்பு விழும் என்கிற நோட்டீஸ். அதை நாள் தவறாமல் அனுப்பினால்தான் செல்லும். கொம்பாத்ரேயின் வேலைக்கு அப்படி அனுப்பினால், "உன்னை நம்பவில்லை" என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டுகிற மாதிரி. நான் அனுப்பவில்லை. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அனுப்பியிருக்க மாட்டேன் என்றுதான் சொல்வார்கள்.

வீட்டுக்காரர் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். நெஸ்டர் அதை எடுத்து வேறொரு கடையின் பழைய பாக்கியை அடைத்தான். மிச்சத்தில் புது வண்டிக்கு முன்பணம் கட்டினான். என்னிடம் வந்து சிரித்தான்.

"அத்தை, அடுத்த வேலை வந்ததும் மொத்தமா குடுத்துடறேன்."

"அந்த வேலைக்கு யாருடா சிமெண்ட் குடுப்பா?"

"நீங்கதான்."

"அட கிறுக்கா. வண்டியக் கொண்டாந்து இங்க நிறுத்து. அதப் பார்த்தாவது மனசு ஆறட்டும்."

வண்டியும் வரவில்லை, பணமும் வரவில்லை. பனிக்காலம் போய் வெயில் வந்தது. எனக்குச் சரக்கு அனுப்புகிறவன் என் கழுத்தைப் பிடித்தான். லைசென்ஸ் வாரியத்தில் புகார் கொடுத்தேன். வாரியத்துக் கடிதத்தைப் பார்த்ததும் இந்தப் பயல் அலறிக்கொண்டு வந்து பணத்தைக் கட்டுவான் என்பது என் கணக்கு. கடிதம் போனதோ ராமிரோவின் பெயருக்கு. அதுவரை அந்த மனிதருக்குப் பாக்கி இருப்பதே தெரியாது.

மறுநாள் கடைக்கு வந்தார். எண்ணைச் சொன்னார், ஒரு பூச்சுக் கரணை வாங்கினார், காசைக் கொடுத்தார். பிறகு, "கொமாத்ரே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

"உங்க மாப்பிள்ளை சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

"அவன் எங்க சொல்றான். அவன் சாப்பிட உக்காந்தாகூட என் மூஞ்சியப் பார்க்க மாட்டேங்கறான்."

அன்றைக்கே வாரியத்துக்குப் போன் போட்டு, புகாரைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கொடுத்தது கொடுத்ததுதான், இனி அது வாரியத்தின் வழக்கு என்று சொல்லிவிட்டார்கள். மாநிலத் தலைநகர் பீனிக்ஸில் விசாரணை, நான்தான் முதல் சாட்சி.

இதற்குள் நெஸ்டர் ஒரு வக்கீலைப் பிடித்தான். அந்த வக்கீல் ஒரு வழியைக் கண்டுபிடித்தான். கடைக்காரி கொடுத்த சரக்கே மோசம், அதனால்தான் பணத்தை நிறுத்தி வைத்தோம் என்று சொன்னால் போதுமாம். சரக்கைப் பற்றி நியாயமான தகராறு இருந்தால் வாரியம் லைசென்ஸில் கை வைக்காது. அந்தப் பணக்கார வீட்டுச் சுவர் ஏற்கெனவே பாளம் பாளமாக வெடித்திருந்தது. படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அது சிமெண்டின் குற்றம் என்று ஊரறிந்த பூச்சுக்காரர் ராமிரோ ஒரு வார்த்தை சொன்னால் லைசென்ஸ் தப்பித்தது. இதை நெஸ்டரே கடை வாசலில் நின்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான், வெட்கங்கெட்டவன்.

விசாரணை நாளன்று ராமிரோவின் வண்டியில் குளிர்சாதனம் ஓடவில்லை. ஜூன் மாதம். நான் என்ன செய்ய? விடிந்ததும் அவர் வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தேன். புகார் கொடுத்தவளும் புகாருக்கு ஆளானவரும் ஒரே வண்டியில் போனோம். மச்சாக்கா என்கிற உப்புக்கண்டக் கறியை ரொட்டியில் வைத்துச் சுருட்டிய பரீட்டோ இரண்டு அவர் மடியில் இருந்தன. என்ன சொல்லப்போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பாலைவனத்தில் எந்த வீட்டுப் பூச்சு எப்போது போட்டது என்று மட்டும் காட்டிக்கொண்டு வந்தார். என் சரக்கு மோசம் என்று அவர் சொல்லப்போவதை என் காதாலேயே கேட்டுவிட்டு, அவரையே திரும்பக் கூட்டிக்கொண்டு வர வேண்டுமே என்று எனக்குள் எரிந்துகொண்டிருந்தது. சொல்லாமல் எப்படி இருப்பார்? லைசென்ஸ் போனால் அவரிடம் வேறு என்ன மிச்சம்?

விசாரணை அறை பல் டாக்டர் அறை மாதிரி சின்னது. நீதிபதி ஒரு நடுவயது அம்மாள், ஜலதோஷம் பிடித்திருந்தது. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பிறகு வக்கீல் வெடித்த சுவரின் படத்தை ராமிரோவின் கையில் கொடுத்தான்.

"ஐயா, நீங்க முப்பது வருஷத்துக்கு மேல இந்தத் தொழில்ல இருக்கீங்க. இந்த வெடிப்பு எதனால வந்தது?"

ராமிரோ கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படத்தை நிதானமாகப் பார்த்தார். நெஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி காட்டல" என்றார்.

"புரியல. சிமெண்ட்ல குறை இருந்ததாலதானே?"

"சிமெண்ட் நல்ல சிமெண்ட். பூசிட்டு அப்படியே போட்டுட்டு வந்திருக்காங்க. நம்ம ஊரு வெயில்ல அது தாங்காது."

வக்கீல் உட்கார்ந்துவிட்டான். நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்படின்னா, கடைக்காரம்மாவுக்குப் பணம் குடுக்காததுக்கு வேற காரணம் ஏதாவது இருக்கா, மிஸ்டர் தராங்கோ?"

"இல்லம்மா. குடுத்திருக்கணும்."

"பாக்கி இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டியவன் நான்தான்."

அவ்வளவுதான். ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்டது. நெஸ்டர் தன் புது வண்டியில் ஏறி எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

திரும்பும் வழியில் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பரீட்டோவைக்கூடத் தொடவில்லை. ஹீலா பெண்ட் ஊரைத் தாண்டியதும் வெடித்தேன்.

"சிமெண்ட் மோசம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன கொம்பாத்ரே? நான் என்ன செத்தா போயிருப்பேன்? நாலு நாள் திட்டியிருப்பேன், அப்புறம் மறந்திருப்பேன்."

"நீங்க மறக்க மாட்டீங்க."

"சரி, மறக்க மாட்டேன். அதுக்காக லைசென்ஸ விடுவாங்களா? எத்தனை தடவ பரீட்சை எழுதினீங்க. கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொமாத்ரே, அந்தச் சிமெண்ட்டைத்தான் நான் ஊரு முழுக்கப் பூசியிருக்கேன். அது மோசம்னு சொல்லிட்டு, எந்த வீட்டுப் பக்கம் நான் போறது? ஜனங்க வெளிய வந்து சுவத்தைத் தட்டிப் பார்ப்பாங்களே."

எனக்கு அழுகை வந்தது, வெயிலில் கண் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

சில வாரங்கள் கழித்து வாரியத்தின் முடிவு வந்தது. லைசென்ஸ் ரத்து. நெஸ்டர் இப்போது வேறொருவரிடம் கூலிக்குப் போகிறான். மாதாமாதம் என் பாக்கியில் கொஞ்சம் கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறான். வண்டியை விற்றுவிட்டான் என்று கேள்வி.

ராமிரோ பிறகு ஒரு காலை கடைக்கு வந்தார். நான்கு மூட்டை சிமெண்ட் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"அந்த வெடிச்ச வீட்டுக்கு. வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டேன். கூலி வேணாம்னு சொன்னேன், சரின்னுட்டார். கீழ்ப்பக்கம் மட்டும் நான் பார்த்துக்கறேன், சாரம் ஏற வேணாம். மேல்பக்கத்துக்கு நெஸ்டர் ஞாயித்துக்கிழமை வர்றேன்னிருக்கான்."

"அவனா?"

"தண்ணியும் அவன்தான் அடிக்கணும்னு சொல்லிட்டேன்."

நான் கம்ப்யூட்டரில் வழக்கம்போல அவருடைய எண்ணைத் தட்ட ஆரம்பித்தேன். அவர் மேஜை மேல் கையை வைத்தார்.

"அது இப்ப இல்ல கொமாத்ரே. வெளியாள் விலை போடுங்க."

"சும்மா இருங்க. என் கடை, என் விலை. எனக்கு இஷ்டமான விலை போடுவேன்."

"வெளியாள் விலை போடுங்க."

பின்னால் இரண்டு மேஸ்திரிகள் வரிசையில் நின்றார்கள். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், அவரும் நகரவில்லை. வேறு வழியில்லாமல் எண்ணை அழித்துவிட்டு வெளியாள் விலை போட்டேன். அவர் பர்ஸைத் திறந்து, மூட்டைக்குக் கூடுதலாக விழுந்த காசையும் சேர்த்து எண்ணிக் கொடுத்தார். பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.