அண்ணிக்குப் பிடிக்காத சாம்பல் சுவர்

என் அறைச் சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்ததை அண்ணி இன்றுவரை மன்னிக்கவில்லை. நானும் அவரை மன்னித்துவிட்டதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அம்மாவின் நிறம் இன்று எந்தப் படத்திலும் இல்லாமல் போனதற்கு அந்தச் சுவர் காரணமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புந்தோங்கில் எங்களுடையது வரிசை வீடு. நான் கல்யாண வீடியோ எடிட் செய்பவள். தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்கும்போது பின்னறையை எனக்கு வேலை அறையாக ஆக்கித் தருவதாக அண்ணன் சொல்லியிருந்தான். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சித்தியவானிலிருந்து வாழ வந்த அண்ணி, சாயக்கடையில் என் கையிலிருந்த நிற அட்டையைப் பிடுங்கி பீச் நிறத்தில் விரலை வைத்தார். நான் சாம்பலைக் காட்டினேன்.

"நான் வாழ வந்த வருசமே சாம்பல் கலரா? இது கல்யாண வீடா, கருமாதி வீடா?"

"அண்ணி, பீச் செவுத்துக்கு நடுவுல உக்காந்து பாத்தா கண்ணு ஏமாந்துரும். மூஞ்சி கலரு சரியா தெரியாது லா. சாம்பல்னாதான் கண்ணு ஏமாறாது."

"கண்ணுல கோளாறுன்னா டாக்டரப் போய்ப் பாரு."

அப்பப்பா, என்ன வாய்! கடைக்காரச் சீனர் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நான் சாம்பல் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

என்னோடு சேர்ந்து சாயம் அடித்தவள் அம்மா மட்டும்தான். வருடக்கணக்காக ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய கை, உருளையை ஒரு நிமிடம்கூடக் கீழே வைக்கவில்லை. சுவர் காய்ந்ததும் அதன் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"பாருடி, என் கறுப்பு இதுல எம்புட்டு எடுப்பா இருக்கு!"

உண்மைதான். நல்ல கறுப்புக் காப்பியின் நிறம் அம்மாவுக்கு. அப்போதே ஒரு படம் எடுத்திருக்கலாம். கேமராவைக் கண்டாலே அடுப்படிக்கு ஓடுகிறவள் என்பதால் நானும் எடுக்கவில்லை.

மறுவாரம் அண்ணி, தங்க நிறச் சட்டம் போட்ட தங்கள் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். அந்தப் பளபளப்பு அப்படியே கணினித் திரையில் விழுந்தது. கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தேன். ரோஜாப்பூ ஸ்டிக்கர்களை ஒட்டினார். நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

அந்த அறையில் நான் செய்த முதல் வேலை அவர்களுடைய கல்யாண வீடியோ. பார்க்க வந்த அண்ணி திரையைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"இந்தச் செவுரு இருட்டா கெடக்கு. அதான் நான் கறுப்பா தெரியிறேன்."

"செவுரு என்னா செய்யும்? உங்க கலரே அதானே."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் அழுதுகொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்து நின்றான்.

"கொஞ்சம் வெள்ளையாக்கிக் குடுத்துரு லா. அவ மூஞ்சிய மட்டும்."

ஒரு முகத்தை மட்டும் பிரித்தெடுத்து வெளுக்கலாம். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு இருந்ததோ வெறி. வெள்ளைதானே வேணும், எல்லாருமே வெள்ளையா இருந்து தொலைங்க என்று படம் முழுவதையும் ஒரே இழுப்பில் வெளுத்துத் தள்ளினேன். அடுத்து தெலுக் இந்தானில் நடந்த கல்யாணம் ஒன்று காத்திருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டுமென்று, கேமராவில் எடுத்த மூலக் காட்சிகளை எல்லாம் அன்றே அழித்தேன்.

அண்ணிக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. தீபாவளிக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். அம்மா தன்னைப் பார்த்துவிட்டு, "அடியாத்தி, மாவுல உருண்டு எந்திரிச்சவ மாதிரில்ல இருக்கேன்!" என்றாள். எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவள் நான்தான்.

அடுத்த தீபாவளிக்கு அம்மா இல்லை.

மாலை போட்டு மாட்டுவதற்கு அம்மாவின் படம் ஒன்று கேட்டான் அண்ணன். எல்லார் கைப்பேசியிலும், கல்யாண ஆல்பத்திலும் தேடினோம். ஒன்றில் முதுகு, ஒன்றில் முகத்தை மறைத்த கை. ஐசி அடையாள அட்டையில் இருப்பது கறுப்பு வெள்ளை. முழு முகமாகச் சிரித்தது அந்தக் கல்யாண வீடியோவில் மட்டும்தான். அதை நிறுத்தி வைத்தேன். அண்ணி என் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"அத்தை இந்தக் கலரு இல்லையே. சரி பண்ணு."

நீங்கள் கேட்டதுதானே என்று வாய்வரை வந்தது. ஆனால் அவர் கேட்டது அவருடைய முகத்தை மட்டும்.

"பண்ண முடியாது அண்ணி. மொத்தத்தையும் வெளுத்தது நாந்தான். எடுத்தத எல்லாம் அழிச்சிட்டேன்."

"எம்மேல உள்ள கோவத்துல அத்தையையும் வெளுத்துட்டியா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

எனக்கு அம்மாவின் நிறம்தான். மூன்று நாட்கள் என் கையைத் திரையோரம் வைத்து, அந்த முகத்தின் நிறத்தை என் கை நிறத்துக்கு இழுத்துப் பார்த்தேன். கன்னம் சேறாகிறது, நெற்றி வெள்ளையாகவே நிற்கிறது. அது அம்மா இல்லை என்று ஒவ்வொரு முறையும் பளிச்சென்று தெரிகிறது. கண் ஏமாறக் கூடாது என்றுதானே அந்தச் சாம்பலை அடித்தேன். ஏமாறவே மாட்டேன் என்கிறது.